ஏழு மணிக்கு ஏசி போடாமல் இருந்தால் காசு

முதல் 100 யூனிட் இலவசம் என்றால் நமக்குப் புரிகிறது. ஆனால் "இன்று சாயங்காலம் 5 மணியிலிருந்து 6 வரை வாஷிங் மெஷின் போடாதீர்கள், போடாமல் இருந்ததற்குக் காசு தருகிறோம்" என்று கரண்ட் விற்கிற கம்பெனியே மெசேஜ் அனுப்பினால் எப்படி இருக்கும்? பிரிட்டனில் 2022-23 குளிர்காலத்தில் இதுதான் நடந்தது. சுமார் 16 லட்சம் வீடுகளும் நிறுவனங்களும் சேர்ந்து, அந்த ஒரு சீசனில், மின் தேவை உச்சத்துக்கு ஏறும் நெருக்கடி நேரத்திலிருந்து 33 லட்சம் யூனிட்டுக்கு மேல் தள்ளிப்போட்டார்கள். கலிஃபோர்னியாவில் அதே 2022 கோடையில், வீட்டு பேட்டரியிலிருந்து நெருக்கடி நேரத்தில் கிரிட்டுக்கு, அதாவது எல்லோரையும் இணைக்கும் மின் வலைப்பின்னலுக்கு, அனுப்பும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 2 டாலர் கொடுத்தார்கள். நாம் வாங்குகிற விலையோடு ஒப்பிட்டால் மயக்கமே வரும்.

இவ்வளவு கொடுத்து அவர்கள் வாங்குவது கரண்டை அல்ல, நேரத்தை.

மின் கம்பியில் கரண்ட் சேர்ந்து கிடப்பதில்லை. மதுரை கே.புதூரில் ஒரு வீட்டில் ஏசியைத் தட்டினால், அந்த நொடியே எங்கேயோ ஒரு டர்பைன் கூடுதல் சுமையைத் தாங்கி, கண்ணுக்குத் தெரியாத அளவு வேகம் குறைகிறது. 2013 கடைசியில் தென்னக கிரிட்டும் இணைந்த பிறகு நாடு முழுக்க ஒரே தாளம்தான், நொடிக்கு 50 சுற்று, அதாவது 50 ஹெர்ட்ஸ். சுமை கூடினால் இது 50-க்குக் கீழே இறங்கும், உற்பத்தி கூடினால் மேலே ஏறும், ரொம்ப விலகினால் நிலையங்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள ட்ரிப் ஆகி ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றுகொள்ளும். அதனால் உற்பத்தியும் செலவும் ஒவ்வொரு நொடியும் சரிக்குச் சரியாக நிற்க வேண்டும்.

இப்போது நம் பக்கத்துச் சூழலைப் பாருங்கள். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் மட்டும் 648 மெகாவாட் சோலார் இருக்கிறது. மத்தியானம் வெயில் கொளுத்தும்போது கரண்ட் கொட்டுகிறது, ஆறரை மணிக்கு அது பூஜ்யம். சரியாக அந்த நேரத்தில்தான் லைட், டிவி, மிக்ஸி எல்லாம் ஓட ஆரம்பிக்கும், அப்புறம் பகலெல்லாம் வெந்த மொட்டை மாடி கான்கிரீட் உள்ளே அனலைக் கக்கும்போது வீட்டுக்கு வீடு ஏசியும் சேர்ந்துகொள்ளும். இந்த நாலைந்து மணி நேரத்துக்காக மட்டும் வருஷம் பூரா நிலையங்களைத் தயாராக வைத்திருக்க வேண்டும், அல்லது அந்த நேரத்துச் சந்தையில் என்ன விலை சொன்னாலும் வாங்க வேண்டும்.

தெரு முனை டிரான்ஸ்ஃபார்மரின் கதை தனி. கம்பியில் கரண்ட் இரண்டு மடங்கானால் சூடாகி வீணாவது நாலு மடங்காகும், ஏனென்றால் இழப்பு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. மே மாதம் ராத்திரி பத்து மணிக்கு ஃபேன் மெல்ல சுற்றுவதும், கொஞ்ச நேரத்தில் டப் என்று ஃபியூஸ் போவதும் இப்படிக் கம்பியில் கரண்ட் கூடுவதால்தான். எங்கோ தூரத்தில் எத்தனை மெகாவாட் இருந்தாலும் இந்தத் தெருவுக்கு உதவாது, ஆனால் அந்தத் தெருவிலேயே பத்து வீடுகள் ஏசியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டாலோ பேட்டரியில் ஓட்டினாலோ உடனே உதவும். என்னைக் கேட்டால் இந்தத் திட்டங்களின் நிஜமான பலன் இங்கேதான்.

சரி, செய்யாத செலவை எப்படி அளப்பது? மீட்டர் நடந்ததைத்தான் காட்டும், நடக்காததைக் காட்டாது. பிரிட்டனில் ஸ்மார்ட் மீட்டர் அரை மணிக்கு ஒரு கணக்கு எழுதும். இதே போன்ற முந்தைய 10 நாட்களில், இதே அரை மணியில் நீங்கள் சராசரியாக எவ்வளவு எடுத்தீர்களோ அதை அடிப்படையாக வைத்து, அன்றைக்குச் சில மணி நேரம் முன்னால் இருந்த பழக்கத்தைப் பார்த்துக் கொஞ்சம் திருத்தி, அதற்கும் நிஜ ரீடிங்குக்கும் உள்ள வித்தியாசத்துக்குக் காசு கொடுத்தார்கள். இதில் ஓட்டை இல்லாமல் இல்லை. முன்கூட்டியே ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் ஓட்டிக் கணக்கை ஏற்றிவிட்டு, சொன்ன நேரத்தில் அணைத்தால் "மிச்சம்" பெரிதாகத் தெரியும். நம்ம ஊர் ஆட்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பேட்டரிக்காரர்களுக்குக் கணக்கு இன்னும் நேரடி. போகிற யூனிட்டையும் வருகிற யூனிட்டையும் தனித்தனியாக எண்ணும் மீட்டர் இருந்தால் போதும். ஆனால் பேட்டரி இருந்தால் மட்டும் போதாது. 2012 வாக்கில் மின்வெட்டு வாட்டியபோது நாம் வாங்கிய இன்வெர்ட்டர் வீட்டுக்குள் மட்டும் ஓடும். அதோடு வரும் 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் 1.8 யூனிட்தான் கணக்குக்கு. அதிலும் கரண்ட் திரும்பி வந்ததும் எல்லா வீட்டு பேட்டரியும் ஒரே நேரத்தில் சார்ஜ் இழுக்கும், அது சாயங்காலமாக இருந்தால் நெருக்கடிக்கு மேல் நெருக்கடி. கிரிட்டுக்கு அனுப்பும் இன்வெர்ட்டர் வேறு ஜாதி. வெளிக் கம்பியின் வோல்டேஜையும் 50 ஹெர்ட்ஸையும் அலையின் ஏற்ற இறக்கத்தையும் பார்த்து அதோடு தாளம் தப்பாமல் சேர வேண்டும். கரண்ட் போன மறு நொடி அது தன்னைத் துண்டித்துக்கொள்ளவும் வேண்டும், இல்லையென்றால் லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய லைன்மேன் உயிருக்கு ஆபத்து. மாடியில் சோலார் பேனல் போட்டவர்கள் மின்வெட்டு நேரத்தில் "வெயில் இப்படி அடிக்கிறது, நம் வீட்டில் ஏன் கரண்ட் இல்லை" என்று கேட்பதற்கு விடை இதுதான்.

இங்கே இது வருமா? மத்திய அரசு 2023 ஜூனில் மின் நுகர்வோருக்கான விதியைத் திருத்தியது. ஸ்மார்ட் மீட்டர் வந்தபின் சூரிய ஒளி நேரத்தில் வழக்கமான விலையைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவு, உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல் என்பது அதன் சாரம், விவசாயம் மட்டும் விலக்கு. நம் வீட்டு பில்லோ இரண்டு மாத ஸ்லாப். அதனால் 500 யூனிட்டைத் தாண்டுகிறோமா என்றுதான் மீட்டரைப் பார்க்கிறோம், மணியைப் பார்ப்பதில்லை.

ஒரு கணக்கு போடலாம். யூனிட் 8 ரூபாய் என்று வையுங்கள். பகலில் 6.40-க்கு வாங்கி பேட்டரியில் ஏற்றி, போகவர 10 சதவீத நஷ்டத்தோடு இறக்கினால் யூனிட்டுக்கு 7.10 ஆகிறது. உச்ச நேரத்தில் 8.80 கொடுக்க வேண்டியதில்லை, அதனால் மிச்சம் யூனிட்டுக்கு 1.70. தினமும் 5 யூனிட் என்றால் வருஷத்துக்குச் சுமார் 3,000 ரூபாய். அந்த அளவு லித்தியம் பேட்டரியும் இன்வெர்ட்டரும் சேர்ந்தால் லட்சத்தைத் தாண்டும். கட்டுபடியாகாது. தினசரி விலை வித்தியாசத்தை மட்டும் நம்பினால் யாரும் பேட்டரி வாங்க மாட்டார்கள், கலிஃபோர்னியாவின் 2 டாலர் போல நெருக்கடி நேரத்துக்கென்று தனியாக ஏதாவது இருந்தால்தான் யோசிப்பார்கள்.

ஆனால் பேட்டரியே இல்லாமல் தள்ளிப்போட முடிகிற வேலைகள் உண்டு. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைச் சாயங்காலத்துக்குப் பதில் மத்தியானம் நிரப்பினால் செலவே இல்லை. ஆனைமலையில் கடம்பாறை நீர்மின் நிலையம் இதைத்தான் 400 மெகாவாட்டில் செய்கிறது, கரண்ட் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி உற்பத்தி செய்கிறது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் அரை மணி ஓடினால் அரை யூனிட்டுக்குள். 2 கிலோவாட் கீசர் 20 நிமிஷத்துக்கு முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் மணிக்கு ஒன்றரை யூனிட் வரை. கிரைண்டரோ அரை மணிக்கு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட வராது, அதனால் இட்லி மாவை எப்போது வேண்டுமானாலும் அரைத்துக்கொள்ளுங்கள்.