இன்ட்ராபார்ட்டம் அல்ட்ராசவுண்ட்: தமிழில் எப்படிச் சொல்வது?

பிள்ளைவலி கண்ட பிறகு, குழந்தையின் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஸ்கேன் வைத்துப் பார்ப்பதற்குத்தான் இந்த நீண்ட பெயர். கர்ப்பகாலத்தில் எடுக்கும் வழக்கமான ஸ்கேனிலிருந்து இது வேறுபடுவது நேரத்தாலும் தேடும் விஷயத்தாலும்தான். கருவி அதே கருவி.

முதற்பாதி லத்தீன். 'இன்ட்ரா' என்றால் உள்ளே. 'பார்ட்டஸ்' என்றால் ஈனுதல். பெற்றோரைக் குறிக்கும் 'பேரன்ட்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரில் வந்ததே. 'பேறுகால ஸ்கேன்' என்று மொழிபெயர்க்கலாம் என்று தோன்றும். ஆனால் பேறுகாலம் என்ற சொல்லில் பிள்ளை பெற்ற பின் படுத்திருக்கும் நாள்களும் அடங்கிவிடும். நமக்கு வேண்டியது வலி தொடங்கியதிலிருந்து குழந்தை வெளியே வரும் வரையிலான நேரம் மட்டும். அதனால் 'பேற்றுநேர' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அல்ட்ராசவுண்ட் என்பது மனிதக் காதின் எல்லையான 20,000 ஹெர்ட்சுக்கு மேலே அதிரும் ஒலி. வயிற்றின் மேல் வைக்கும் கருவியில் அது சில மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்குப் பல லட்சம் அதிர்வுகள். 'கேளா ஒலி' என்று எழுதுபவர்கள் உண்டு. 20 ஹெர்ட்சுக்குக் கீழே உள்ளதும் காதில் விழாதே! 'மீயொலி' மேல். ஒலியை மிஞ்சிய வேகத்தில் பறக்கும் விமானத்துக்கும் அதே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள் என்றாலும், பிரசவ அறையில் யாரும் குழம்பப் போவதில்லை. ஆக, பேற்றுநேர மீயொலி. பேச்சில் 'வலி நேரத்து ஸ்கேன்' போதும்.

சிக்கல் உண்மையில் தொடங்குவது 'தலை நிலை' என்ற தொடரில். ஆங்கிலத்தில் பிரசன்டேஷன், பொசிஷன், ஸ்டேஷன் என்று மூன்று தனிச் சொற்கள். நாம் மூன்றையும் 'நிலை' என்றே எழுதிவிடுகிறோம். வீட்டுப் பேச்சு இதைவிடத் தெளிவானது. 'தலை திரும்பிடுச்சா?' என்றால் தலை கீழே வந்துவிட்டதா என்று பொருள், அது பிரசன்டேஷன். 'தலை இறங்கிடுச்சா?' என்றால் ஸ்டேஷன். நடுவில் உள்ள பொசிஷனுக்குத்தான், அதாவது கீழே வந்த தலை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதற்குத்தான், நம்மிடம் வழக்குச் சொல் இல்லை. 'தலை நோக்கு' என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த நோக்கைச் சொல்ல மருத்துவர்கள் அடையாளமாகக் கொள்வது 'ஆக்சிபுட்'. அகராதியில் சிலசமயம் பிடரி என்று இருக்கும். பிடரி கழுத்தின் பின்புறம். இங்கே சரியான சொல் பின்மண்டை. அப்புறம் இன்னொரு பொறி: 'ஆக்சிபுட் ஆன்டீரியர்' என்பதை 'முன்நோக்கிய நிலை' என்று எழுதினால், முகம் முன்னால் இருப்பதாகத்தானே படிப்பவர் நினைப்பார்? உண்மை நேர்மாறு. பின்மண்டைதான் தாயின் முன்புறம்; குழந்தையின் முகம் தாயின் முதுகுப் பக்கம். எளிதாகப் பிறக்க வழி விடும் நோக்கும் இதுதான். அழகு பார்க்காமல் 'பின்மண்டை முன்னால்', 'பின்மண்டை பின்னால்' என்று எழுதிவிடுவது நல்லது.

ஸ்கேனில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. அடிவயிற்றில், பூப்பெலும்புக்கு (இடுப்பெலும்பின் முன்பகுதி) சற்று மேலே கருவியைக் குறுக்காக வைக்கிறார்கள். இரண்டு கண்குழிகளும் தாயின் வயிற்றுப் பக்கம் பார்த்தபடி தெரிந்தால், பின்மண்டை பின்னால். கைவிரலால் பார்க்கும்போது மண்டையோட்டின் இணைப்புக் கோடுகளையும் உச்சிக்குழியையும் தடவித்தான் அறிய வேண்டும். வலி நீண்டால் உச்சந்தலையில் வீக்கம் வந்து இவற்றை மூடிவிடும். அந்த வீக்கத்தின் லத்தீன் பெயர் 'காபுட் சக்சிடேனியம்'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'மாற்றுத் தலை'. விரலை ஏமாற்றுவதற்குப் பொருத்தமான பெயர்தான்.

எவ்வளவு ஏமாற்றும்? இடுக்கியோ உறிஞ்சுகருவியோ வைத்துக் குழந்தையை எடுக்கும் முன் தலை நோக்கைப் பார்ப்பது குறித்து, 2014இல் அயர்லாந்திலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வில், கையால் மட்டும் பார்த்தபோது 20.2 விழுக்காடு தவறு. ஸ்கேனும் சேர்ந்தபோது 1.6. ஆனால் தாய்க்கோ சேய்க்கோ நேரும் பாதிப்பு அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை. மகப்பேற்று மீயொலிக்கான பன்னாட்டுச் சங்கமான ஐஎஸ்யூஓஜி 2018இல் தந்த வழிகாட்டலும் எல்லாருக்கும் பார்க்கச் சொல்லவில்லை. பிரசவம் மெதுவாகும்போதும், இடுக்கி போன்றவற்றை வைக்கும் முன்பும் உதவும் என்கிறது.

இறக்கத்துக்கு வேறு இடம், வேறு அளவு. கருவியைப் பிறப்புவழிக்கு வெளியே நெடுக்காக வைத்து, பூப்பெலும்பு மூட்டின் நீளக் கோட்டுக்கும் அதன் கீழ்முனையிலிருந்து மண்டையைத் தொட்டுச் செல்லும் கோட்டுக்கும் இடையே கோணம் அளக்கிறார்கள். 'ஆங்கிள் ஆஃப் புரோகிரஷன்' என்ற இதை 'முன்னேற்றக் கோணம்' என்று மாற்றினால் அரசுத் திட்டம் போல இருக்கிறது. 'இறக்கக் கோணம்' என்றால் வீட்டுப் பேச்சோடு ஒட்டிக்கொள்ளும். தலை இறங்க இறங்கக் கோணம் விரியும். 116 பாகை அளவில் இருந்தால், மருத்துவர்கள் ஸ்டேஷன் பூஜ்யம் என்று சொல்லும் இடத்துக்கு, அதாவது தாயின் இடுப்பெலும்பு முட்களின் மட்டத்துக்குத் தலை வந்துவிட்டது என்று கணக்கு.