ஜீவனாம்ச வழக்குக் கட்டில் யாருடைய நம்பர் இருக்க வேண்டும்?

பிள்ளைக்கு ஜீவனாம்சம் கேட்டு வரும் பெண்கள் அநேகமாக ஒரு துணிக்கடைப் பையோடு வருவார்கள். உள்ளே அவர்களுடைய ஆதார் ஜெராக்ஸ் ஆறு, பிள்ளையின் ஆதார் ஜெராக்ஸ் நாலு, கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு நகல். "வீட்டுக்காரர் பேப்பர் ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டால், "அவர் எதையும் கண்ணுல காட்டினதில்ல மேடம்" என்பார்கள். காசு கொடுக்க வேண்டியவரைப் பற்றித் துண்டுச் சீட்டுகூட இருக்காது. வாங்க வேண்டியவரின் நம்பர் மட்டும் பத்து நகல். குடும்பநல நீதிமன்றத்தில் வக்கீலாக இத்தனை வருடம் நின்ற பிறகும் இந்தத் தலைகீழ்க் கணக்கு எனக்குப் பழகவில்லை.

ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதிலிருந்து, இரண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். அப்படியும், மாதச் சம்பளம் வாங்குகிறவர் "தற்போது வேலை இல்லை, பெற்றோர் ஆதரவில் இருக்கிறேன்" என்று கூசாமல் கையெழுத்துப் போடுகிறார். அதை உடைக்க ஆதார் எண் உதவாது. ஆதாரில் வருமான விவரம் எதுவும் கிடையாது. ஆதார் ஆணையத்திடம் தகவல் கேட்பதற்கும் உயர் நீதிமன்ற அளவில் உத்தரவு வேண்டும்.

உதவுவது பான் நம்பர். சம்பளம், வங்கி வட்டி, பங்கு, நிலம் வாங்கியது விற்றது என்று பலதும் அந்தப் பத்து எழுத்தின் கீழ்தான் வருமான வரித் துறைக்குப் போய்ச் சேருகிறது. ஏ.ஐ.எஸ். என்கிற ஆண்டுத் தகவல் அறிக்கையை அவரே தாக்கல் செய்யும்படி உத்தரவு கேளுங்கள். வேலை இல்லாதவருக்குச் சம்பளத்தில் எப்படி வரி பிடித்தார்கள் என்ற கேள்வி தானாக வரும். அடுத்தது யு.ஏ.என்., அதாவது பி.எஃப். பிடிக்கும் ஒவ்வொருவருக்கும் தரும் நம்பர். கம்பெனி மாறினாலும் அந்த நம்பர் மாறாது, பாஸ்புக்கில் புதுக் கம்பெனியின் பெயர் வந்துவிடும். ஆனால் அதில் மாதம் 1,800 ரூபாய் என்று இருந்தால் சம்பளமே 15,000 தான் என்று முடிவுகட்டாதீர்கள். பல கம்பெனிகள், சம்பளம் எவ்வளவு இருந்தாலும், சட்டம் சொல்லும் அந்த 15,000 உச்சவரம்புக்கு மட்டும்தான் கட்டுகின்றன.

இதெல்லாம் எங்கே கிடைக்கும்? வீட்டிலேயே கிடக்கும். மனை வாங்கிய கிரயப் பத்திரம், வீட்டுக் கடன் விண்ணப்ப நகல், இன்சூரன்ஸ் பாலிசி, பழைய ஃபார்ம் 16, ஜாயின்ட் அக்கவுண்ட் பாஸ்புக்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கணவரின் பாஸ்வேர்டு தெரியும் என்பதற்காக அவருடைய வரிக் கணக்குக்குள்ளோ மெயிலுக்குள்ளோ நுழையாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஜீவனாம்சம் கேட்டவர் சைபர் கிரைம் புகாருக்குப் பதில் சொல்லிக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ஆவணத்தைக் கொண்டுவந்து தாக்கல் செய்யச் சொல்லியும், எழுத்து மூலம் கேள்வி கேட்டும் அதே தகவலை நீதிமன்றம் வழியாக வாங்கலாம். மெதுவான வழிதான், ஆனால் நம் மேலேயே திரும்பாது.

அமெரிக்காவில் இந்தத் தேடலை அரசே செய்கிறது. அங்கே 1996-இல் வந்த சட்டத்தால் விவாகரத்து உத்தரவு, ஓட்டுநர் உரிம விண்ணப்பம் எல்லாவற்றிலும் நம் ஆதார் மாதிரி அங்கே இருக்கும் சோஷியல் செக்யூரிட்டி நம்பர் பதிவாகிறது. புதிதாக ஒருவரை வேலைக்கு எடுத்தால் 20 நாளுக்குள் முதலாளி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். பிள்ளைக்கான ஜீவனாம்ச பாக்கி 2,500 டாலரைத் தாண்டினால் பாஸ்போர்ட்டே கிடைக்காது. நம்மிடம் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. அவர் நம்பரைத் தேடுவதும் நாம்தான், நம் நம்பரைக் காப்பதும் நாம்தான்.

சரி, காப்பதற்கு வருவோம். உங்கள் ஆதாரோடும் வங்கிக் கணக்கோடும் இணைத்திருக்கும் மொபைல் நம்பர் யாருடையது? பாதிப் பேர் இந்தக் கேள்விக்கு விழிப்பார்கள். கல்யாணமான புதிதில் வீட்டுக்காரர்தான் கூட்டிக்கொண்டு போய்ப் பதிந்திருப்பார், அவர் நம்பரைக் கொடுத்திருப்பார். என்னிடம் வந்த ஒரு பெண் பிரிந்து எட்டு மாதமாகியும், நகை அடகு வைத்த பணம் அவள் கணக்கில் ஏறிய குறுஞ்செய்தி கணவருக்குத்தான் போனது. அடுத்த வாய்தாவில் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "மனுதாரருக்குத் தனி வருமானம் இருக்கிறது" என்று தேதியோடும் தொகையோடும் படித்தார். அது அடகுப் பணம் என்று நிரூபிப்பதற்குள் இரண்டு வாய்தா போய்விட்டது.

அதனால் மனு எழுதுவதற்கு முன்பே ஆதார் மையத்துக்குப் போய் மொபைல் நம்பரை மாற்றுங்கள். உங்கள் கைரேகையை வைத்து ஆதாரைப் பயன்படுத்த முடியாதபடி ஆதாரில் கைரேகைப் பூட்டையும் போட்டுவிடுங்கள். பிறகு உங்கள் பெயரில் மட்டும் புதுக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். ஜீவனாம்சம் வருவதற்கு மட்டும் அது. பிரமாணப் பத்திரத்தில் எல்லாக் கணக்கையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும், ஆனால் பணம் போடச் சொல்லி எதிர்த்தரப்புக்குக் கொடுப்பது இந்த ஒரு கணக்கின் நம்பராக இருக்கட்டும்.

மனுவோடு ஆதார் நகல் கேட்டால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள். முழு நம்பர் வேண்டும் என்று நீதிமன்றமே சொன்னால், மூடிய உறையில் தரலாமா என்று வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் தாக்கல் செய்யும் ஒவ்வொரு தாளின் நகலும் எதிர்த்தரப்புக்குப் போகும் என்பதை மறக்காதீர்கள். பிள்ளையின் ஆதாரும் அப்படித்தான் போகும். பிள்ளை யாருடையது என்று காட்டப் பிறப்புச் சான்றிதழ் போதும். கொடுக்கும் நகலின் குறுக்கே, எழுத்தின் மேலேயே, எந்த வழக்குக்கு, எந்தத் தேதியில் கொடுத்தது என்று பேனாவால் எழுதுங்கள்.

இனி டைப்பிங் சென்டர். கோர்ட் வாசலில் இருக்கும் கடையில் ஒரு பிரமாணப் பத்திரம் அடிக்கப் போயிருந்தேன். "மாடல் இருக்கு மேடம்" என்று தம்பி ஒரு ஃபைலைத் திறந்தார். யாரோ ஒரு பெண்ணின் பெயர், வீட்டு முகவரி, பன்னிரண்டு இலக்கமும் முழுசாக ஆதார், பிள்ளையின் பள்ளிக்கூடம், வங்கிக் கணக்கு. அதன் மேலேயே பெயரை மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் பக்கத்தில் பழைய கணக்கு நம்பர் மாறாமலே நின்றது. நான் பார்க்காமல் கையெழுத்து வாங்கியிருந்தால் என் கட்சிக்காரரின் ஜீவனாம்சம் இன்னொருவர் கணக்குக்குப் போயிருக்கும். அந்தத் தம்பியைக் குறை சொல்லிப் பயனில்லை, பக்கத்துக்கு இவ்வளவு என்று பிழைக்கிறவர். ஆனால் அன்றிலிருந்து எங்கள் ஆபீஸ் வேலையை பென் டிரைவில் கொண்டுபோய் அடிக்கிறோம், பிரின்ட் எடுத்ததும் டெஸ்க்டாப்பில் ஃபைல் தங்கியிருக்கிறதா, ரீசைக்கிள் பின்னில் கிடக்கிறதா என்று என் ஜூனியர் நின்று பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பார். வீணாய்ப் போன பிரின்டையும் மடித்துக் கையோடு எடுத்து வந்துவிடுவார். முன்பெல்லாம் அது வடை மடிக்கப் பக்கத்து டீக்கடைக்குப் போகும்.