பழைய கணினிக்குப் புது விண்டோஸ்: கரண்ட் போகக்கூடாத இரண்டு தருணங்கள்

கல்லடியில் அக்கா வீட்டு டெஸ்க்டொப் 2018இல் வாங்கியது. 'விண்டோஸ் 11 இதில் இயங்காது' என்று திரையில் வந்ததும் அத்தான் புதிது வாங்கக் கிளம்பிவிட்டார். கொஞ்சம் பொறுங்கள் அத்தான் என்றேன்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது, மாறத்தான் வேண்டும். புதியது 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் ஆகியவற்றோடு செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டுமே தொடங்கவிடும் காவல்), டிபிஎம் 2.0, ஆதரவுப் பட்டியலில் உள்ள ப்ரொசசர் மூன்றையும் கேட்கிறது. டிபிஎம் என்பது குறியாக்கச் சாவிகளைப் பத்திரமாக வைத்திருக்கும் பகுதி. அக்காவுடையது இன்டெல் எட்டாம் தலைமுறை. கணினி எழும்பும்போது முதலில் ஓடும் பயோஸுக்குள் போய்ப் பார்த்தால், டிபிஎம் வசதி பிடிடி என்ற பெயரில் அணைந்து கிடந்தது. ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்று இருக்கும்.

அப்கிரேட் நடக்கும்போது பழைய விண்டோஸ் அழிவதில்லை. 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற ஃபோல்டருக்குள் ஒதுங்கிக்கொள்கிறது. பத்து நாளுக்குள் மனம் மாறினால் திரும்பலாம். நடுவில் கரண்ட் போனாலும் பெரும்பாலும் பழைய நிலைக்கே வந்துவிடும்.

எனக்குப் பயம் வேறு இடத்தில். பழைய எம்பிஆர் முறையில், டிஸ்க்கின் எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்ற விவரம் முதல் 512 பைட்டுக்குள் இருக்கிறது. நான்கே நான்கு பதிவுகள். செக்யூர் பூட்டுக்கு யூஈஎஃப்ஐ என்ற புதிய வகை பயோஸ் வேண்டும், விண்டோஸ் அதில் எழும்ப ஜிபிடி என்ற புதிய முறை அட்டவணை வேண்டும். விண்டோஸ் 10இலேயே உள்ள எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி, கோப்புகளை அழிக்காமல் அட்டவணையை மாற்றி எழுதித்தரும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், படங்கள் டிஸ்க்கில் அப்படியே இருந்தாலும் அவை எங்கே என்று கணினிக்குத் தெரியாமல் போகலாம். மற்றது பயோஸ் அப்டேட். அது பாதியில் நின்றால் மதர்போர்டே எழும்பாமல் போகலாம். மட்டக்களப்பு மாரியில், கார்த்திகை மார்கழிக் காற்றுமழைக்குள், யூபிஎஸ் இல்லாமல் இந்த இரண்டையும் தொடாதீர்கள்.

அதற்கு முன் பேக்கப். அக்காவின் டெஸ்க்டொப்பில் இருந்த படங்களை வெளி டிஸ்க்கில் போட்டு, என் லப்டொப்பில் திறந்து பார்த்தேன். கல்யாண ஆல்பம் திறக்கவில்லை. நான் எடுத்து வந்தது வெறும் ஷோர்ட்கட்; படங்கள் டி டிரைவில் இருந்தன. வேறு கணினியில் திறந்து பார்க்காத பேக்கப்பை நான் இப்போது நம்புவதில்லை.

டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர் போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பயோஸில் டிபிஎம்மைத் தொட்டதும் அதைத்தான் கேட்கும். எல்லாம் முடிந்த பின் பழைய பிரிண்டரை அந்தப் பத்து நாளுக்குள்ளேயே ஓட்டிப் பாருங்கள். புதிய விண்டோஸுக்கு ஏற்ற டிரைவர் இல்லையென்றால் அப்போதுதான் தெரியவரும்.