ஜூலைப் பந்தயக் குதிரையின் பங்காளி

டர்பனிலிருந்து விடுமுறைக்கு டிராகன்ஸ்பர்க் மலையடிவாரத்து அண்டர்பர்க் பக்கம் குதிரையேறப் போகிற நம் ஆட்களுக்கு முதலில் வருகிற சந்தேகம் ஒன்றுதான்: “இந்தக் குட்டைக் குதிரையா என்னைத் தூக்கப்போகிறது?” தூக்கும். லெசோத்தோ எல்லையிலுள்ள சானி கணவாயின் உச்சி ஏறக்குறைய 2,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே லெசோத்தோவின் பசோதோ இன மேய்ப்பர்கள் போர்வையைச் சுற்றிக்கொண்டு, சரளை உருளும் சரிவில் சர்வசாதாரணமாக இந்தப் பசோதோ மட்டக்குதிரையை இறக்குகிறார்கள். டர்பன் கிரேவில் திடலில் ஜூலைப் பந்தயம் ஓடுகிற நெட்டைக் குதிரையை அந்தச் சரிவில் விட்டால் கால் முறிவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

இத்தனைக்கும் இரண்டும் பங்காளிகள். தென்னாப்பிரிக்காவில் ஆதியில் வரிக்குதிரை இருந்ததே தவிர, குதிரை கிடையாது. 1652இல் கேப்பில், அதாவது இன்றைய கேப் டவுனில், குடியேறிய டச்சுக் கம்பெனிதான் ஜாவாவிலிருந்து சிறிய குதிரைகளைக் கப்பலில் கொண்டுவந்தது. அப்புறம் பாரசீக, அரபு இரத்தம் சேர்ந்தது. 1814 முதல் 1826 வரை கேப்பின் ஆங்கிலேய ஆளுநராக இருந்த சார்ல்ஸ் சாமர்செட்டுக்குப் பந்தயப் பித்து. ஆங்கிலப் பந்தயக் குதிரைகளை வரவழைத்தார். இந்தக் கலப்பில் உருவானதுதான் கேப் குதிரை. இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படைக்கும் இதை வாங்கினார்கள். 1857 கலகத்தின்போது கேப்பிலிருந்து குதிரைகள் இந்தியாவுக்குக் கப்பலேறின. மூன்றே ஆண்டில், 1860இல், கரும்புத் தோட்டத்துக்காக நம் முன்னோர்கள் எதிர்த்திசையில் வந்து நேட்டாலில் இறங்கினார்கள். அந்தக் காலத்துக் கணக்கில் இரண்டுமே சரக்குதான்.

அதே கேப் குதிரைகளில் சில 1820களின் கடைசியில் பசோதோ அரசர் மொஷ்வேஷ்வேயின் மக்கள் கைக்குப் போயின. 1852இல் ஆங்கிலப் படை லெசோத்தோவின் பெரியா மேட்டுக்கு வந்தபோது அவர்கள் குதிரை மேலிருந்து எதிர்கொண்டார்கள். மலைக்குப் போன குதிரை அங்கே குறுகிப்போனது. இன்றைய பசோதோ மட்டக்குதிரை தோள்வரை 145 சென்டிமீட்டர் அளவில்தான் நிற்கிறது.

ஏன் குறுகியது? தீனி போதாமல் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம், ஆனால் அது பாதி பதில். தீனியில்லாமல் வளர்ச்சி குன்றிய குதிரையின் குட்டியை நல்ல புல்வெளியில் வளர்த்தால் அது உயரமாகவே வளரும்; அந்தக் குள்ளம் பரம்பரையில் தங்காது. லெசோத்தோ மலையில் நடந்தது வேறு. கொட்டகை இல்லாத பனிக்காலத்தில், நிறையத் தின்றால்தான் உயிரோடிருக்கும் பெரிய உடம்புக்காரக் குதிரை முதலில் விழுகிறது. கொஞ்சம் புல்லில் சமாளிக்கிற சிறியது மிஞ்சிக் குட்டி போடுகிறது. இப்படியே பல தலைமுறை போனால் மந்தையின் மரபணுவே மாறிவிடும். குதிரையில் இந்த மாற்றம் வேகமாக நடக்கக்கூடியது. பல இனங்களை ஒப்பிட்ட 2012 ஆய்வொன்றின்படி, உடல் அளவு வேறுபாட்டில் 83 சதவீதத்துக்கு மரபணுத் தொகுப்பின் நான்கே நான்கு இடங்கள் போதும். மனிதர்களின் உயரத்துக்கோ இப்படி ஆயிரக்கணக்கான இடங்கள் உண்டு.

மலை இன்னொரு உதவியும் செய்தது. ஆப்பிரிக்கக் குதிரை நோய் என்று ஒரு வைரஸ்; கொசுவை விடப் பொடியான ஒரு கடிபூச்சி அதைப் பரப்புகிறது. 1854–55இல் கேப்பில் மட்டும் எழுபதாயிரம் குதிரைகள் வரை செத்தன. இந்தப் பூச்சிக்குக் குளிர் ஆகாது, உறைபனி விழுந்தால் நோய்க்காலம் முடிந்தது. அதனால் உயரத்தில் இருந்த மந்தைகள் பெரும்பாலும் தப்பின. ஆனால் தப்பித்ததாலேயே அவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி வளரவில்லை. கோடையில் தடுப்பூசியில்லாமல் நேட்டால் தாழ்நிலத்துக்கு இறக்கினால் ஆபத்துதான்.

சரி, சவாரிக்கு வருவோம். சரிவில் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டுப் பாருங்கள். குதிரைக்குத் தன் மூக்குக்கு நேர் கீழே இருப்பது தெரியாது. அதனால் தலையைத் தாழ்த்தி, சற்றுத் தள்ளியே வழியைப் பார்த்து வைத்துக்கொள்கிறது. முன்குளம்பைக் கல் மேல் வைத்து, அது புரளாது என்று தெரிந்த பிறகே எடையை மாற்றுகிறது. பின்குளம்பு அநேகமாக அதே தடத்தில் வந்து விழும். பயந்துபோய்க் கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பவர்தான் இந்த வேலையைக் கெடுக்கிறார்.

சமதரையில் இவற்றில் பல ‘டிரிப்பல்’ என்ற நடையில் போகும். பூர்பெர்ட் என்ற தென்னாப்பிரிக்கக் குதிரை இனத்திலும் இது உண்டு. சாதாரண ட்ராட் என்ற துள்ளோட்டத்தில் எதிரெதிர் மூலைக் கால்கள் ஜோடியாக விழுகின்றன, நடுவில் நான்கு காலும் ஒரு கணம் அந்தரத்தில் இருக்கும், மேலே இருப்பவர் முறத்தில் புடைக்கிற அரிசி மாதிரி எகிறுவார். டிரிப்பலில் நான்கு குளம்பும் தனித்தனியாக விழும், எப்போதும் ஏதோ ஒரு கால் தரையில் இருக்கும், குலுக்கல் கிடையாது. உலகில் இப்படி நடக்கிற பல இனங்களில் டிஎம்ஆர்டி3 என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருப்பதை 2012இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டார்கள். கால்கள் எந்த வரிசையில் அசைய வேண்டும் என்று ஒருங்கிணைக்கும் முதுகுத்தண்டு நரம்பு செல்களில் அது வேலை செய்கிறது.

முதுகும் சுபாவமும் இன்னும் பழைய சொத்து. இன்றைய வீட்டுக் குதிரைகள் எல்லாம் வோல்கா, டான் ஆறுகளின் கீழ்ப்பகுதியிலிருந்து சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பரவியவை என்று 2021இல் வெளியான டிஎன்ஏ ஆய்வு சொல்கிறது. அப்போதே இரண்டு மரபணுக்கள் தேர்வாகியிருந்தன. ஒன்று முதுகின் உறுதியோடும், மற்றது மிரளாத குணத்தோடும் தொடர்புள்ளவை என்று கருதப்படுகிறது.

ஆங்கிலேயருக்கும் டச்சு வழிவந்த போயர்களுக்கும் 1899–1902இல் நடந்த போயர் போர் பசோதோ இனத்தை ஏறக்குறையச் சுரண்டித் தீர்த்தது. ஆங்கிலேயர் பக்கம் மட்டும் மூன்று லட்சத்துக்கு மேல் குதிரைகள் மாண்ட போர் அது. பசோதோ குதிரைக்கு இரு தரப்பும் போட்டி போட, நல்லவை எல்லாம் மலையிறங்கிப் போயின. 1950களின் தொடக்கத்தில் எர்மெலோ அருகே நோய்ட்ஹெடாக்ட் அரசு ஆராய்ச்சிப் பண்ணையில், மிஞ்சிய பசோதோ பெண்குதிரைகளை வைத்து ஒரு புது இனத்தை வளர்க்கத் தொடங்கினார்கள். பண்ணையின் பெயரே இனத்தின் பெயராயிற்று.

இன்று டிராகன்ஸ்பர்க் அடிவாரத்தில் வாடகைக்குக் கிடைக்கிற குதிரைகளில் கலப்புகளும் ஏராளம். எந்த இனம் என்று கேட்டு நேரத்தைப் போக்காமல், அகன்ற இடுப்பும் தடித்த கீழ்க்கால் எலும்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். உயரத்தைவிடச் சுமை தாங்குவதைப் பற்றி அதிகம் சொல்பவை அவைதான். சேணத்தோடு சேர்த்து உங்கள் எடை குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால், கூச்சப்படாமல் பெரிய குதிரையாகக் கேளுங்கள்.