புற்று எங்கிருந்து கிளம்பியது?

கல்லீரலில் கட்டிகள். பயாப்சி எடுத்தாயிற்று. புற்றுநோய்தான், ஆனால் கல்லீரலில் தொடங்கியதல்ல, வேறெங்கிருந்தோ பரவி வந்தது என்கிறது அறிக்கை. குடலா, கணையமா, நுரையீரலா என்பதைப் பொறுத்து மருந்தே மாறும். ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் பார்த்தும் பிறப்பிடம் பிடிபடாதவர்கள் புற்றுநோயாளிகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேர்வரை இருக்கிறார்கள்.

ரத்தத்தில் ட்யூமர் மார்க்கர், அதாவது புற்று இருந்தால் அளவு ஏறக்கூடிய பொருள்களைப் பார்த்தால் தெரிந்துவிடாதா? பெரும்பாலும் தெரியாது. 1965இல் மான்ட்ரியலில் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் பெருங்குடல் புற்றில் சி.இ.ஏ. என்ற புரதத்தைக் கண்டபோது பெரிய நம்பிக்கை பிறந்தது. அப்புறம் பார்த்தால் நுரையீரல், மார்பகம், கணையப் புற்றுகளிலும் அது ஏறுகிறது; புகைபிடிப்பவர்களிடம் புற்றே இல்லாமலும் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது. சினைப்பைப் புற்றைக் காட்டும் சி.ஏ.125 வயிற்றுக் காசநோயிலும் எகிறும். உடம்பு நன்றாக இருப்பவர்களுக்கு ஹெல்த் செக்கப்பில் இவற்றையும் சேர்த்துப் பார்ப்பது வீண் பீதியைத்தான் கிளப்பும்.

ரத்த மார்க்கரே பிறப்பிடத்தைச் சுட்டும் விதிவிலக்குகளும் உண்டு. எலும்பெங்கும் புற்று பரவிய முதியவருக்கு, புராஸ்டேட் சுரப்பி தயாரிக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதம் ரத்தத்தில் மிக அதிகமாக இருந்தால் முதல் சந்தேகம் புராஸ்டேட்மீதுதான். இளைஞர் ஒருவரின் நெஞ்சு நடுவே கட்டி, ரத்தத்தில் ஏ.எஃப்.பி., பீட்டா ஹெச்.சி.ஜி. என்ற மார்க்கர்களில் ஒன்று மிக அதிகம் என்றால் அது அநேகமாகக் கருவணுப் புற்று (விந்தணு, சினைமுட்டையை உருவாக்கும் மூல அணுக்களிலிருந்து வருவது). பரவியிருந்தாலும் சிஸ்பிளாட்டின் என்ற மருந்து சேர்ந்த சிகிச்சையில் பலர் முழுதாகக் குணமாகிறார்கள்.

மற்றபடி, உண்மையான துப்பு திசுவில்தான் இருக்கிறது. திருநெல்வேலிக்காரர் எந்த ஊரில் குடியேறினாலும் பேச்சு காட்டிக்கொடுத்துவிடும், இல்லையா? புற்றணுவும் போன இடத்தில் தன் பழைய உறுப்பின் புரதங்களையே பெரும்பாலும் தயாரிக்கிறது. பயாப்சித் துணுக்கை மெழுகில் பதித்து, சில மைக்ரான் தடிமனில் சீவி, குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் பற்றும் ஆன்டிபாடியை அதன்மேல் விடுகிறார்கள். அது ஒட்டிக்கொண்ட இடத்தில், அதோடு இணைத்த ஒரு நொதி வேலைசெய்து பழுப்பு நிறம் படிகிறது. பழுப்பு தெரிந்தால் புரதம் இருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் பார்ப்பது பெரும்பாலும் சி.கே.7, சி.கே.20 என்ற இரட்டைப் புரதங்களை. பெருங்குடல் புற்றில் பொதுவாக 20 பழுப்பாகும், 7 ஆகாது. நுரையீரல், மார்பகப் புற்றுகளில் பெரும்பாலும் நேரெதிர். சரி, நுரையீரலா மார்பகமா? டி.டி.எஃப்-1 என்ற புரதம் தெரிந்தால் நுரையீரல் பக்கம் (தைராய்டையும் மறக்கக் கூடாது), ஜி.ஏ.டி.ஏ-3 தெரிந்தால் மார்பகப் பக்கம். ஆனால் இந்த இரண்டாவது சிறுநீர்ப்பைப் புற்றிலும் தெரியும். ஒற்றை மார்க்கரை நம்பி திசுவைப் பரிசோதிக்கும் எந்த பாதாலஜிஸ்ட்டும் கையெழுத்துப் போடமாட்டார். மிக முரட்டுத்தனமாக வளரும் புற்றுகள் பழைய புரதங்களையே கைவிட்டுவிடுவதும் உண்டு.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல்: ஒவ்வொரு சோதனையும் ஒரு சீவலைத் தின்றுவிடும், ஊசியில் வந்த துணுக்கோ நூலளவுதான். நுரையீரல் என்று முடிவானால் எந்த மருந்து பொருந்தும் என்று சொல்லும் இ.ஜி.எஃப்.ஆர். மரபணுச் சோதனைக்கும் திசு மிஞ்ச வேண்டும். அதனால் எதை முதலில் பார்ப்பது என்பதை நோயாளியின் வயது, பாலினம், ஸ்கேன் எல்லாவற்றையும் வைத்தே தீர்மானிக்கிறார்கள். பயாப்சி படிவத்தில் இந்த விவரங்களை மருத்துவர் எழுதாமல் விட்டால், பாதி திசு ஊகத்திலேயே தீர்ந்துபோகும்.