நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு!

டைமிங் பெல்ட் (எஞ்சினுக்குள் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளாமல் நேரம் பார்த்து இயக்கும், பல் வைத்த ரப்பர் பட்டை) அறுந்து ரெக்கவரி வண்டியில் ஏறி வந்த டீசல் கார் இந்த மாதமும் ஒன்று. எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றினால் வழக்கமான காட்சிதான்: பிஸ்டன் தலையில் வால்வு குத்திய பிறை வடிவத் தழும்பு, வளைந்து போன வால்வுகள். ஓனர் சொல்வதும் வழக்கமான வசனம்தான். "நேத்து வரைக்கும் நல்லாத்தானே சார் ஓடுச்சு!"

ஆமாம், நல்லாத்தான் ஓடியிருக்கும். அறுகிற நொடி வரைக்கும் நல்லாத்தான் ஓடும்.

"ஓடுற வண்டியில கை வைக்காதே" என்று ஊர் முழுக்க ஒரு உபதேசம் சுற்றுகிறது. சில பாகங்களுக்கு அது சரி. பிரேக் பேட் தேய்ந்தால் கிரீச்சிடும். பேட்டரி போகப் போகிறது என்றால் காலையில் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றும். கிளட்ச் தேய்ந்தால் மேட்டில் ஆர்.பி.எம். ஏறும், வேகம் ஏறாது. வீல் பேரிங் 'ம்ம்ம்' என்று முனகும். இவையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் போகும். சத்தம் வந்த பிறகு மாற்றினால் போதும். முன்கூட்டியே மாற்றச் சொல்கிற மெக்கானிக்கை நீங்கள் தாராளமாகச் சந்தேகப்படலாம்.

டைமிங் பெல்ட் அந்த ரகம் இல்லை. சத்தம் வராது, மைலேஜ் குறையாது, மீட்டரில் விளக்கும் எரியாது. கவருக்குள் இருப்பதால் கண்ணுக்கும் தெரியாது. கவரைத் திறந்து பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்பவரையும் நம்ப வேண்டாம். பல்லின் அடியில் விழும் விரிசல் வெளிப்பக்கத்திலிருந்து தெரியாது. அதனால்தான் கம்பெனி கிலோமீட்டர், வருஷம் என இரண்டு கணக்கு போட்டு, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றச் சொல்கிறது. "எட்டு வருஷத்துல நாப்பதாயிரம்தான் ஓடியிருக்கு" என்பது பதில் ஆகாது. ரப்பர் நின்ற இடத்திலேயே கிழடாகும்.

எல்லா வண்டிக்கும் இந்தப் பெல்ட் கிடையாது. டஸ்டர், டெரானோ, சன்னி டீசலில் வந்த 1.5 டிசிஐ எஞ்சினில் பெல்ட். மாருதியின் கே சீரிஸ் பெட்ரோலில் அதே வேலையைச் செய்வது உலோகச் செயின். உங்கள் வண்டியில் எது என்று ஓனர்ஸ் மேனுவலைப் பாருங்கள். செயின் வண்டிக்குப் பெல்ட் மாற்றியதாக யாராவது பில் போட்டால் உடனே தெரிந்துவிடும்.

மாற்றும்போது பெல்ட்டை மட்டும் மாற்றாதீர்கள். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அதற்கு வழிகாட்டும் ஐட்லர் உருளை இரண்டும் சேர்த்து மாற்ற வேண்டும். அந்தப் பெல்ட்டே வாட்டர் பம்ப்பைச் சுற்றினால் பம்ப்பும். பழைய டென்ஷனர் பேரிங் ஜாம் ஆனால் புதுப் பெல்ட்டையும் சேர்த்து அறுத்துவிடும். அதற்காக இன்னொரு முறை பிரித்தால் அதே கூலி மறுபடியும். வால்வை இயக்கும் கேம் தண்டு, பிஸ்டனோடு சுழலும் கிராங்க் தண்டு இரண்டையும் நகராமல் லாக்கிங் பின் போட்டு நிறுத்தித்தான் மாட்ட வேண்டும். பெயிண்ட்டில் கோடு போட்டு அடையாளம் வைத்து மாட்டுகிற கடைக்குப் போகாதீர்கள். கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்குங்கள். மொத்தச் செலவை ஹெட் வேலையோடு ஒப்பிட்டால், ஹெட் குறைந்தது நாலைந்து மடங்கு ஆகும்.

ஆக, முன்கூட்டியே மாற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க இரண்டு கேள்வி போதும். இது சொல்லிவிட்டுப் போகுமா? போனால் கூடவே எதைக் கொண்டு போகும்?

பிரேக் ஆயிலை இந்தக் கேள்விகளில் வைத்துப் பாருங்கள். டாட் 4 ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். புது ஆயிலின் கொதிநிலை குறைந்தபட்சம் 230 டிகிரி. ஈரம் ஏறியதும் அது 155 வரை இறங்கலாம். டவுனுக்குள் வித்தியாசமே தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் தெரியும்: ஆயில் கொதித்து ஆவியாகி, பெடல் மிதித்த வாக்கில் தரையோடு போகும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பெரிய செலவே இல்லை.

இந்தச் செலவுக்கெல்லாம் யோசிக்கிறவர்கள் டெஃப்லான் கோட்டிங், எஞ்சின் ஃப்ளஷ், ஏசி வாசனை ஸ்பிரே என்றால் பேசாமல் தலையாட்டுகிறார்கள். எங்கள் தொழிலில் அதிக லாபம் அவற்றில்தான், அதனால்தான் அவற்றைப் பற்றி அவ்வளவு பேசுகிறோம்.

அடுத்தது ரீகால், அதாவது பாகத்தில் குறை என்று தெரிந்ததும் கம்பெனியே வண்டியை அழைத்துச் சரிசெய்து தருவது. இதில் இரண்டு பைசா செலவு இல்லை, அப்படியும் வருவதில்லை. "ரீகால் வந்தா மட்டமான வண்டி", "பிரிச்சா வண்டி கெட்டுடும்", "செகண்ட் ஓனருக்குத் தர மாட்டாங்க". மூன்றும் தப்பு. ரீகால் வண்டிக்கு உரியது. ஓனர் மாறினாலும், வாரண்ட்டி முடிந்திருந்தாலும், சர்வீஸை வெளியில் செய்திருந்தாலும் பாகமும் கூலியும் இலவசம். தகவல் கம்பெனி பதிவேட்டில் இருக்கும் பழைய விலாசத்துக்குப் போவதால்தான் பழைய வண்டி வாங்கியவருக்குத் தெரிவதே இல்லை.

ரீகாலில் வருவது பெரும்பாலும் சொல்லாமல் போகிற ரகம். 2024 அக்டோபரில் ஹோண்டா 90,468 கார்களை அழைத்தது ஃப்யூயல் பம்ப்புக்காக: உள்ளே சுழலும் இம்பெல்லர் பழுதானால் ஓடும்போதே எஞ்சின் நிற்கலாம். பைபாஸில் பின்னால் லாரி வரும்போது நின்றால் யோசித்துப் பாருங்கள். எஞ்சின் நின்றுவிட்டால், பெடலை லேசாக்கும் பிரேக் பூஸ்டரில் மிச்சமிருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான். 2023 ஜூலையில் மாருதி 87,599 எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ வண்டிகளை அழைத்தது ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடுக்காக.

இவற்றில் மோசமானது டகாடா என்ற ஜப்பான் கம்பெனி செய்த ஏர்பேக். அதை ஊதவைக்கும் அமோனியம் நைட்ரேட் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வருஷக்கணக்கில் கெட்டு, வெடிக்கும்போது, அது அடைத்திருக்கும் இன்ஃப்ளேட்டரின் உலோகக் கூட்டையே சிதறடிக்கும். சில்லுகள் முகத்திலும் கழுத்திலும் பாயும். சென்னை, கடலூர், தூத்துக்குடி வெயிலில் நிற்கிற பழைய வண்டிக்கு இது மிகவும் பொருந்தும். பழைய சிட்டி, ஜாஸ், சிவிக், அக்கார்டு வைத்திருப்பவர்கள் இன்றைக்கே பாருங்கள்.

ஆர்.சி.யில் உள்ள 17 இலக்க சேசிஸ் நம்பரை கம்பெனி இணையதளத்தின் ரீகால் பக்கத்தில் போடுங்கள். ஒரு நிமிஷ வேலை. ரீகால் இருந்தால் சர்வீஸ் சென்டரில் பாகம் வரவழைத்த பிறகு நேரம் வாங்கிப் போங்கள். "சர்வீஸும் சேர்த்துப் பண்ணிடலாமா" என்பார்கள், கட்டாயம் இல்லை. ரீகால் முடிந்தது என்று ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள், விற்கும்போது உதவும். 2021 ஏப்ரலிலிருந்து அரசே ரீகாலுக்கு உத்தரவிடும் விதி இருக்கிறது. அந்த விதி ஏழு வருஷத்துக்குட்பட்ட வண்டிகளுக்கு. அதற்காக, கம்பெனி தானாக அறிவிக்கும் ரீகால் பழைய வண்டிக்கு இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள். செகண்ட் ஹேண்ட் வாங்கும் முன் அட்வான்ஸ் கொடுப்பதற்குள்ளேயே நம்பரைப் போட்டுப் பாருங்கள்.

ஏர்பேக் பாகம் வர நாளாகும் என்றால், தயவுசெய்து, பாசஞ்சர் பக்கமாக இருந்தால் முன்சீட்டில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். டிரைவர் பக்கமாக இருந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம். சர்வீஸ் சென்டரையே வந்து எடுத்துப் போகச் சொல்லிக் கேளுங்கள்.