கடலை நிரப்பி நிலம் எடுக்கலாமா? சி.ஆர்.இசட். விதி சொல்வது என்ன?

கல்லையும் மண்ணையும் கொட்டிக் கடலை நிலமாக்குவது இந்தியாவில் பொதுவாகத் தடை. 2019 ஜனவரி 18 அன்று வெளியான கடற்கரை ஒழுங்குமுறை மண்டல (சி.ஆர்.இசட்.) அறிவிக்கையின் தடைப் பட்டியலிலேயே அது இருக்கிறது. அப்புறம்தான் விலக்குகள் வரிசை கட்டுகின்றன: துறைமுகம், படகுத்துறை, பாலம், கடலரிப்புத் தடுப்பு, ராணுவத் தேவை. வீட்டுமனை போடவோ ஹோட்டல் கட்டவோ கடலை நிரப்ப இதில் இடமில்லை. சாலைக்காக நிரப்புவதென்றால், பாதுகாப்பு அல்லது பொதுப் பயன்பாட்டுக்கு, அதுவும் அரிதாக மட்டுமே.

அந்த 'அரிது' எவ்வளவு பெரிதாக முடியும் என்பதற்கு மும்பை கடற்கரைச் சாலையைப் பாருங்கள். 2015 இறுதியில் முந்தைய அறிவிக்கையைத் திருத்தி வழி உண்டாக்கினார்கள். மொத்தத்தில் சுமார் 111 ஹெக்டேர் கடல் நிலமானது. 2019 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை கொடுக்க, வேலை தொடர்ந்தது.

அனுமதி கேட்பவர் 1:4000 அளவிலான வரைபடத்தோடு சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையும் தர வேண்டும். கடல் பகுதிக்கான ஆய்வும் அதில் கட்டாயம். நிரப்பும் இடத்தில் என்ன அழியும் என்பதை அறிக்கைகள் ஓரளவு சொல்லிவிடும். என்னைக் கேட்டால், முதலில் படிக்க வேண்டியது மணல் நகர்வைப் பற்றிய அத்தியாயம். நம் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மணல் வடக்கே போகிறது, வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்புகிறது. ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். அதனால் அளவெடுத்த மாதங்களைப் பாருங்கள். டிசம்பரில் மட்டும் அளந்திருந்தால் படம் தலைகீழாகத் தெரியும். வடக்கே போகும் மணலைச் சென்னைத் துறைமுகச் சுவர் மறித்த பிறகு தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்தது. அரிப்பைத் தடுக்கப் பிறகு போடும் கற்சுவரும் தூண்டில் வளைவும் (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் கட்டு) அரசு செலவில் வரும். திட்டத்தின் மதிப்பீட்டில் அந்தச் செலவு இருக்கிறதா என்று கேட்பது நியாயமான கேள்வி.

அடுத்தது, நிரப்பும் மணல் எங்கிருந்து வருகிறது என்பது. கடலடியில் தோண்டினால் கிளம்பும் சேறு வெளிச்சத்தை மறைக்கும். கடற்புல் வாடும், அதை நம்பியிருக்கும் மீன்குஞ்சும் போகும். சாலைக்காக அலையாத்திக் காடு அழிந்தால் மூன்று மடங்கு பரப்பில் நட வேண்டும் என்கிறது விதி. கன்று நட்ட அன்றே காடு வந்துவிடாது. அந்த இடைவெளிக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை.

கடலுக்குள் வரும் திட்டங்களை மாநிலக் கடற்கரை மண்டல மேலாண்மை ஆணையம் 60 நாளில் பரிசீலித்துப் பரிந்துரைக்கும். முடிவு பொதுவாக மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துடையது. பெரிய துறைமுகம் போன்ற திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 30 நாள் முன்பே அறிவிக்க வேண்டும், வட்டார மொழியில் சுருக்கம் தர வேண்டும். கூட்டத்துக்குப் போக முடியாதவர்கள் எழுத்தில் அனுப்பலாம்.

அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்றால்? 30 நாளுக்குள் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை தீர்ப்பாயம் ஏற்கலாம். அதற்கு மேல் இல்லை.